எனக்காக அவள் பிடித்த சஷ்டி

எனக்கு மாரடைப்பு வந்து பிழைத்த வருடத்திலிருந்து என் மனைவி கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறாள். பகலில் தண்ணீர் மட்டும், மாலையில் பாலும் பழமும். என் நெஞ்சு நன்றாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய நேர்த்தி.

கிளினிக்குக்கும் அவள்தான் என்னை அழைத்துப் போவாள். என் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை தாதி எனக்கு பிரஷர் பார்த்துவிட்டு, அம்மாவுக்கும் பார்ப்போமா என்று கேட்டார்.

"அவளுக்கு என்ன, இரும்பு. நான்தான் தகரம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மகளைச் சுமந்தபோது அவளுக்கு பிரஷர் கூடியிருந்தது. பிள்ளை பிறந்த பிறகும் வருடா வருடம் பார்க்கச் சொல்லியே அனுப்பினார்கள். பிரஷர் இறங்கியதும் நாங்கள் மறந்துபோனோம். அப்படிப்பட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் ஆபத்து அதிகமாம். நான் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவன். அதைத் தேடிப் படிக்கவில்லை.

போன சஷ்டிக்கு முன்பே மஹய்யாவையில் எங்கள் வீட்டுப் படிகளில் நின்று நின்றுதான் ஏறினாள். வயசு என்றேன். சூரன்போர் அன்று பின்னேரம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தாடையெல்லாம் வலிக்குதுங்க. முதுகும் ஒரு மாதிரியா இருக்கு. வயித்த பெரட்டுது."

நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்கு வந்தபோது நெஞ்சில் கல்லை ஏற்றியது போல இருந்தது, இடது கை மரத்தது. மாரடைப்பு என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று நம்பியிருந்தேன்.

"வெறும் வயித்துல கெடந்தா கேஸ்டிரைட்டிஸ் வராம என்ன செய்யும்?" என்றேன். காலையில் பாரணை செய்து விரதத்தை முடித்ததும் சரியாகிவிடும் என்றாள். நானும் ஒத்துக்கொண்டேன். மறுநாள் காலை பாரணைச் சோற்றை முதலில் எனக்குப் பரிமாறும்போது விழுந்தாள்.

இருதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது என்றார் டொக்டர். பெண்களுக்குத் தாடையிலும் முதுகிலும் வலிக்கலாம், வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் வரலாம், நேற்றே கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார்.

மூச்சு முட்டுவதால் இப்போது அவளால் படுத்துத் தூங்க முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்குகிறாள். இன்று மறுபடியும் சஷ்டி தொடங்கியது. விரதம் கூடவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மகள் அழுது பார்த்தாள். நோயாளிக்கு விரதம் தேவையில்லை என்று ஐயரைக் கொண்டும் சொல்ல வைத்தோம். அவர் சொன்னதைக் கைகூப்பியபடி கேட்டாள், அவ்வளவுதான். காலையில் கஞ்சியும் தொடவில்லை, மருந்துக் குளிசையும் போடவில்லை.

"நேர்த்திய விட்டு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னங்க செய்வேன்?"

கெஞ்சினேன். திட்டினேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் என் குளிசைகளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"நீ சாப்பிடாட்டி நானும் இத போடமாட்டேன். அப்புறம் ஒன் நேர்த்தி என்னத்துக்கு?"

குளிசைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மூச்சு இரைத்தது.

"பாவி" என்றாள்.

பிறகு வாயைத் திறந்தாள். கொஞ்சம் கஞ்சி, பிறகு மருந்து. முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என் குளிசைகளையும் போட்டுக்கொண்டேன், அவளுக்குக் கேட்கட்டும் என்று தண்ணீரைச் சத்தமாக விழுங்கினேன். நாளைக்கும் இப்படித்தான் அவளை மிரட்ட வேண்டும். நாளைக்கும் மசிவாளா என்று தெரியவில்லை.