அம்மனுக்குப் போன இரண்டு கண்கள்

இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. பட்டாணி அளவுதான். கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் மார்பு என்ற சொல் வரவில்லை. எல்லோருக்கும் அது ‘அது’தான்.

கணவரின் அக்கா புதூரிலிருந்து பஸ் ஏறி வந்து தீர்ப்புச் சொன்னார். “முழுசா எடுத்துரட்டும். இந்த வயசுக்கு மேல அதை வச்சு என்ன செய்யப்போறா?”

“காதை வச்சுந்தான் என்ன செய்யுதேன் மதினி? நீங்க பேசுததக் கேக்கேன்,” என்றேன். அவர் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

வாயாடியது வெளியில்தான். உயிர் போய்விடுமோ என்று பயந்தேன். மார்பு போய்விடுமோ என்றும் அதே அளவு பயந்தேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

தீப்பெட்டி ஆபீஸில் வேலைபார்த்த கணவர் பேப்பரில் வந்த ஒரு செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். வெளிநாட்டில் ஊசியை உள்ளே விட்டுக் கட்டியை உறையவைத்தே கொல்கிறார்களாம். வாங்கிய ஐஸ் வீடு வருவதற்குள் வெறும் குச்சியாகிவிடும் ஊரில் இருந்துகொண்டு மனிதர் அதை நம்பினார்.

மதுரை டாக்டரம்மா வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. ஆனா உங்க கட்டி சின்னது. அதையும் சுத்திக் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துட்டு, அக்குள்ல பரவியிருக்கான்னு பார்ப்போம். அப்புறம் கரண்ட் வைக்கணும், பாதியில விடக்கூடாது. எடுத்ததோட ஓரத்துல நோய் மிச்சம் இருந்தா முழுசா எடுக்க வேண்டி வரலாம்.” கரண்ட் என்றால் கதிர்வீச்சு.

ஆபரேஷனுக்கு முன் மதினி கணவரை மாரியம்மன் கோயிலுக்கு விரட்டினார். எந்த உறுப்பில் நோவோ அதை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போனவர் இரண்டு கண்களைப் போட்டுவிட்டு வந்தார்.

“தகடு விக்குத தட்டு வச்சிருந்தது பொம்பள. அவகிட்ட அதை எப்படிக் கேக்க?” என்றார்.

“ஆத்தா கொழம்பிப்போய் எனக்குக் கண்ணாடி மாட்டிவிடப்போறா,” என்றேன்.

கட்டியை எடுத்தார்கள். ஓரமும் அக்குளும் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஆறு வாரம் மதுரையில் தங்கிக் கரண்ட் வைத்து, தோல் கறுத்து ஊர் திரும்பியதும் நானே கோயிலுக்குப் போனேன்.

தட்டுக்காரியிடம், “மாரு இருக்கா?” என்று சத்தமாகவே கேட்டேன். கூட வந்த கணவர் கோபுரத்துப் பொம்மைகளை எண்ண ஆரம்பித்தார். அவள் வெள்ளிக் கைகால்களை ஒதுக்கி அடியிலிருந்து ஒரு தகட்டை எடுத்தாள்.

“ஒத்தையா வராதுக்கா. ஜோடியாத்தான் இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான் இருக்கு. கொடு,” என்றேன்.