கன்னத்தில் வைத்துப் பார்த்த கத்தி

ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜெயராஜ் பின்பக்கம் போய் உட்கார்ந்தாரென்றால், அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்துவிட்டது என்று அர்த்தம். எளாவூரில், நெடுஞ்சாலையிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி வீடு. பின்பக்கம் என்பது துவைக்கிற கல்லுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். அதன்கீழ் ஒரு ஸ்டூல், ஒரு வாளித் தண்ணீர், பலகையில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு மோட்டார். அந்த மோட்டார் பத்து வருஷம் இட்லிக்கு மாவு அரைத்தது. கிரைண்டரின் குழவி உடைந்த பிறகு அதற்குச் சாணைக்கல்லைப் பூட்டிவிட்டார். அவர் மனைவி ஏஞ்சலின் இன்றைக்கும் அதை “என் மோட்டாரு” என்றுதான் சொல்வாள்.

அதில் அவர் மடக்குக் கத்திகளின் அலகைத் திருத்துவார். கூர் மழுங்கினால் தெருவில் போகிற சாணைக்காரர் போதும். முனை ஒடிந்தது, தேங்காய் உடைத்து வளைந்தது, தேய்ந்து தேய்ந்து நடுவில் குழி விழுந்தது, இவையெல்லாம் ஜெயராஜிடம் வரும். பாதிக்குமேல் லாரி டிரைவர்களின் கத்திகள். செக்போஸ்ட்டில் வண்டி நிற்கிற நேரத்தில் கல்பனாவின் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வார்கள். எல்லாருக்கும் கிளிமூக்குதான் வேண்டும். முனை உள்பக்கமாக வளைந்திருந்தால், தார்ப்பாய் கட்டிய கயிறு அந்த வளைவில் விழுந்து நழுவாமல் நிற்கும், ஒரே இழுப்பில் அறுக்கலாம். கத்தியை ஜெயராஜ் யார் கையிலும் கொடுக்கமாட்டார். மடக்கி மேசையில் வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை கத்தி மாறினால் சண்டை வரும் என்று அவர் ஊரில் சொல்வார்கள். நம்பிக்கையா பழக்கமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

கத்தியைக் கல்லில் வைக்கும்போது இடதுகை ஆட்காட்டி விரல் அலகின் முதுகில் இருக்கும். கையுறை போடமாட்டார். இரும்பு சூடேறுவதை அந்த விரல்தான் முதலில் சொல்லும். சொன்னதும் வாளியில் முக்கிவிடுவார். விட்டால் அலகில் வைக்கோல் நிறம் ஏறும், அப்புறம் நாவல்பழ நிறம், அப்புறம் மயில்கழுத்து நீலம். நீலம் வந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விட்டது. பார்க்க அழகாக இருக்கும், எதையும் அறுக்காது. மெல்லிய முனையில் இதெல்லாம் கண் சிமிட்டுவதற்குள் நடக்கும். கண் பார்த்துச் சொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். விரல்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு விரல் சொல்லவில்லை.

பச்சையப்பனின் கத்தி அது. கொல்கத்தா லைனில் ஓட்டுகிறவர். மான்கொம்பு மாதிரி கோடு விழுந்த கைப்பிடி, இருபத்திரண்டு வருஷமாக அவர் இடுப்பிலேயே கிடந்து மஞ்சளேறிப்போனது. விஜயவாடாவுக்கு அப்பால் டயரின் வரிப்பள்ளத்தில் சிக்கிய கல்லை நெம்பப் போய் முனை போய்விட்டதாம். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். ஜெயராஜ் முனையை வளைத்துக்கொண்டு வந்தார். வளைவு பாந்தமாக அமைந்தது. கல்லிலிருந்து எடுத்துப் பார்த்தார். மூக்கிலிருந்து அரை அங்குலத்துக்கு மயில்கழுத்து.

மோட்டாரை நிறுத்திவிட்டு விரலைப் பார்த்தார். நுனியில் தோல் வெளுத்து, ஓரம் பொசுங்கியிருந்தது. வலிக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் அவருக்குப் பத்தொன்பது வருஷம். அச்சிலிருந்து வரும் இரும்பின் ஓரங்களில் பிதுங்கி நிற்பதைக் கை கிரைண்டரால் தேய்த்து எடுக்கிற வேலை. எட்டு மணிநேரம் கை நடுங்கும், வீட்டுக்கு வந்தும் நடுங்கும், சோற்றைப் பிசையும்போதும் உள்ளே எங்கோ கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். மார்கழியில் விரல் நுனிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பது நாலைந்து வருஷமாக உண்டு. போன மாதம் கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்தார்கள். கண்ணை மூடச்சொல்லி விரல் நுனியில் ஊசியால் தொட்டார்கள். ஒவ்வொரு முறையும் நர்ஸின் வளையல் முன்னாலேயே சத்தம் போட்டது. ஜெயராஜ் சரியாகச் சொல்லித் தேறிவிட்டார்.

இப்போது உப்புத்தாளை எடுத்தார். பத்து நிமிஷம் தேய்த்ததில் நீலம் சுத்தமாகப் போய்விட்டது. அலகு வெள்ளிபோல நின்றது. அரத்தை எடுத்து மூக்கில் லேசாக வைத்தார். நல்ல இரும்பென்றால் அரம் வழுக்கும். இங்கே அது கடித்தது, சுலபமாக, சோப்புக்கட்டியைக் கடிப்பதுபோல. அரத்தைக் கீழே வைத்துவிட்டார். அரம் வைத்துப் பார்க்கப்போகிற டிரைவர் யாரும் இல்லை. கத்தியை மடக்கி, துணியில் சுற்றி, ஜன்னல்மேல் வைத்தார். இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். விரல் போன ஆளிடம் எவன் கத்தியைக் கொடுப்பான்? கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? இரண்டாவது கேள்வியைவிட முதல் கேள்விதான் அவரை அதிகம் படுத்தியது. கம்பெனியில் அவர் தேய்த்த இரும்பு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. கத்திகள் திரும்பி வந்து ‘நல்லாக் கீது’ என்று சொல்கின்றன.

ஏஞ்சலின் டீ கொண்டுவந்தாள். அவர் டம்ளரை வாங்கி, மோட்டாரைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டிருந்தார். அவள் போகாமல் நின்றாள்.

“சூடு தெரிதா?”

“தெரிது.”

“அந்த டம்ளர நான் முந்தானையால புடிச்சிக்கினு வந்தேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தாள். தனியார் பள்ளியொன்றின் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவளுக்கு. ஞாயிறு ஒருநாள்தான் அவள் காலும் ஓரிடத்தில் இருக்கும். எத்தனை நாளாகத் தெரியும் என்று அவர் கேட்டார். போன வருஷம் ஈஸ்டருக்குப் புதுச்சட்டை பட்டனைப் போடத் தெரியாமல் அவர் தடவிக்கொண்டிருந்தபோதே தெரியும் என்றாள். அவராகச் சொல்வார் என்று பார்த்தாளாம்.

திங்கட்கிழமை கம்பெனி முற்றத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. லோடுமேல் ஒரு ஆள் ஏறி, இறுகிப்போன கயிற்றில் கத்தியை மாட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துத் தன்பக்கமாக இழுத்தான். அவன் பாரம் முழுவதும் அந்தக் கத்தியில்தான் நின்றது. கயிறு அறுந்ததும் ஒரு காலைப் பின்னால் ஊன்றிச் சமாளித்துக்கொண்டான். தினமும் நடப்பதுதான். ஜெயராஜ் கையில் கிரைண்டரோடு அதைப் பார்த்தார். மழுங்கிய மூக்கு கயிற்றில் பாதி கடித்து நழுவினால் அந்தக் கால் எங்கே போய் ஊன்றும் என்பதை மத்தியானம் சாப்பிடும்போதும் பார்த்தார், ஷிப்ட் பஸ்ஸிலும் பார்த்தார்.

சாயங்காலம் ஜன்னல்மேலிருந்து துணிச்சுருளை எடுத்தார். பதம் போன அரை அங்குலத்தை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் நல்ல இரும்பில் புதிதாக மூக்கு பிடிக்க வேண்டும். கத்தி குட்டையாகிவிடும். மறைக்க முடியாது. சூட்டுக்கு என்ன செய்வது? புறங்கையில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் மந்தம்தான். கடைசியில் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கன்னம் சட்டென்று சொன்னது.

அதிலிருந்து அப்படித்தான். கல்லில் ஒரு தொடுதல், மோட்டாரிலிருந்து விலகி, அலகின் முதுகைக் கன்னத்தில் ஒரு வைப்பு, தண்ணீரில் ஒரு முக்கு. அரைமணி நேர வேலை மூன்று சாயங்காலம் இழுத்தது. குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. துணி எடுக்க வந்த ஏஞ்சலின் நின்று பார்த்தாள்.

“இன்னாங்க, கத்தியக் கொஞ்சிக்கினு கீறீங்க. எங்கள இப்டிக் கொஞ்சனதே இல்ல.”

“வாளில தண்ணி மாத்து.”

மாற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் லீவு போட்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். அவர் சரியென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை அரத்தை வைத்துப் பார்த்தார். வழுக்கியது.

வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து நேராக டீக்கடைக்குப் போனார். பச்சையப்பன் லுங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்து, கல்பனாவிடம் பன் பழசாக இருக்கிறதென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாள் ஓட்டிய கண்கள். ஜெயராஜ் கத்தியை மடக்கியபடி மேசையில் வைத்தார். பச்சையப்பன் எடுத்துத் திறந்தார். அலகைப் பார்த்தார். அப்புறம் ஜெயராஜைப் பார்த்தார்.

“இன்னா மேஸ்திரி, திருத்திக் குடுன்னு சொன்னா திருப்பதிக்கு இட்னுபோய் மொட்ட அடிச்சிட்டு வந்துட்ட?”

கல்பனா சிரித்தாள். பக்கத்து மேசையிலிருந்தவர்களும் சிரித்தார்கள். ஜெயராஜ் காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்.

“என் தப்பு டிரைவரே. சூடு ஏத்தி பதத்தப் போக்கிட்டேன். மொதல்ல மினுக்கி அப்டியே குடுத்துடலாம்னுதான் பாத்தேன். மனசு வரல. போன இடத்த எடுத்துட்டு புச்சா மூக்கு புடிச்சேன், அதான் குட்டையாப் பூட்ச்சி.”

“இத்தினி வருஷத்துல ஆவாதது இப்போ எப்டி ஆச்சி?”

“வெரலுக்குச் சூடு தெரில.”

பச்சையப்பன் அவர் விரல்களைப் பார்த்தார். பிறகு வேறெதையோ கவனித்தார்.

“மூஞ்சில இன்னாது?”

இடது கன்னத்தில், கத்தி முதுகின் அகலத்துக்கு, சிவப்பாக நாலைந்து கோடுகள். சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டதைப்போல இருந்தது. வெரலுக்குப் பதிலா இதுலதான் பாத்தேன் என்றார் ஜெயராஜ், டீ கேட்கிற குரலில்.

பச்சையப்பன் எழுந்து வண்டிக்குப் போனார். பக்கவாட்டில் கட்டியிருந்த கயிற்றின் மிச்ச நுனியை இழுத்துப் பிடித்து, கத்தியை மாட்டி, ஒரு இழுப்பு. கயிறு இரண்டாக நின்றது. வெட்டு வாயை வெளிச்சத்தில் பார்த்தார், பிசிறு இல்லை. கட்டைவிரலைக் கூரில் குறுக்கே வைத்து, மெதுவாக, மூக்கிலிருந்து அடிவரை நகர்த்திப் பார்த்தார். ஜெயராஜ் கத்தியைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒயுங்காத்தான் கீது” என்று சொல்லிவிட்டு, பச்சையப்பன் கத்தியை மடக்கி இடுப்பில் செருகினார். வண்டியில் ஏறும்போது, அடுத்த டிரிப்பில் கிளீனருடையதையும் கொடுத்தனுப்புகிறேன், அவசரமில்லை, அதையாவது குட்டையாக்காமல் கொடு என்றார்.

கல்பனா கல்லாவுக்குக் கீழேயிருந்து மூன்று துணிச்சுருள்களை எடுத்து மேசையில் வைத்தாள். இந்த வாரம் வந்தவை. ஜெயராஜ் மூன்றையும் பார்த்தார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். இனிமேல் வாரத்துக்கு ஒன்றுதான், கேட்கிறவர்களிடம் லேட்டாகும் என்று சொல்லிவிடு என்றார். காரணத்தையும் சொல்லிவிடு என்றார்.

வீட்டுக்கு நாலு தெரு. பாதி வழியில் பேன்ட் பைக்குள் கையை விட்டார். பஸ் பாஸ், கைக்குட்டை, துணியில் சுற்றிய கத்தி எல்லாம் விரலுக்கு ஒன்றுபோலவே இருந்தன. நின்று, வெளியே எடுத்து, கத்திதான் என்று கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போட்டுக்கொண்டு நடந்தார்.