கரண்ட் போன நேரம்

"வாரேன்னு சொல்றதுக்கு ஏன்டி இந்தக் கத்து கத்துற?" கணவர் என் தோளைத் தொட்டபோதுதான் ஹெட்போனைக் கழற்றினேன். கணினியில் செருகிய தீப்பெட்டி அளவு ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்த செல்லூர் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் பேசினோம். சுவருக்குச் சுவர் விசைத்தறி. அந்தச் சத்தம் தரை வழியே ஏறிப் பல்லில் வந்து அதிரும். அக்காவுக்கு அதுதான் மறைவிடம். மனதில் கிடப்பதையெல்லாம் தறியோரம் நின்று கத்தித் தீர்ப்பாள். உதட்டசைவைப் பார்த்து நான் மட்டும் புரிந்துகொள்வேன்.

கே.கே. நகர் மாப்பிள்ளைக்கு அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்த மாலையும் கத்தினாள். சட்டென்று கரண்ட் போய்விட்டது. தெருவின் தறிகளெல்லாம் ஒரே மூச்சில் அடங்க, அவள் குரல் மட்டும் நடுவீட்டில் தனியாக நின்றது.

"எனக்கு இந்த ஆளு வேணாம்!"

அந்த மாதமே அப்பா கல்யாணத்தை முடித்தார்.

கார் கிளம்பும்போது, ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா மெதுவாகச் சொன்னாள்:

"அந்தப் பக்கம் தறியே கிடையாதாம்டி. இனி நான் எங்கிட்டுப் போயி கத்துவேன்?"