பூட்டியது

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழும்பினேன். வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, முந்தின நாள் குறிப்பில் விடுபட்ட இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். எட்டு மணிக்குப் பெருங்குழாயைத் திறப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டு ஏழுக்கு என் வீட்டுக் குழாய் இருமி, காற்றைத் துப்பி, பிறகு தெளிந்த தண்ணீர் விட்டது.

எங்கள் வீதியின் கீழே ஓடும் இரும்புக் குழாய் என்னைவிட மூத்தது. துருப்பிடித்துப் பல இடங்களில் ஒழுகியது. வீதியைக் கிண்டாமல், இரண்டு முனையிலும் ஒவ்வொரு குழி மட்டும் வெட்டி, பழைய குழாய்க்குள் பசையில் ஊறிய துணிக்குழாய் ஒன்றை இழுத்து, ஊதிப் பெருக்கவைத்து, சூடாக்கி இறுக விட்டார்கள். அப்போது வீடுகளுக்குப் பிரியும் துளைகள் எல்லாம் அடைபட்டுப்போகும். பிறகு கமெரா பொருத்திய கருவி ஒன்று உள்ளே ஊர்ந்து போய், பட்டியலில் உள்ள துளைகளை மட்டும் வெட்டித் திறக்கும்.

அந்தப் பட்டியலை எழுதியவன் நான். சனசமூக நிலையத்தின் செயலாளர் என்பதால் என்னிடம் கேட்டார்கள். அளவு நாடா பிடித்து, வீடு, குழியிலிருந்து தூரம், குழாய் என்று மூன்று நிரல் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

எட்டரைக்கு எதிர்வீட்டு அக்கா படலையில் வந்து நின்றார்.

“தம்பி, உங்களுக்குத் தண்ணி வந்திட்டுதோ?”

“ஓம் அக்கா. உங்களுக்கு?”

“ஒரு சொட்டும் இல்லை. இண்டைக்கு முதல் நோன்பு. கஞ்சி காய்ச்ச வேணும். கிணத்துத் தண்ணி வாயில வைக்கேலாத உப்பு, உங்களுக்குத் தெரியும்தானே.”

தொண்ணூறில் இங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்துத் துரத்தப்பட்டு, இருபது வருடங்களுக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்து, கூரையில்லாமல் நின்ற சொந்த வீட்டைத் திருத்திக் குடியேறியவர் அவர்.

நேரே குழியடிக்குப் போனேன். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் நிழலில் கதிரை போட்டு இருந்தார். வெளியூரார் அல்ல, எங்கள் பகுதி ஆள்தான்.

“அண்ணை, எதிர்வீட்டுத் துளை வெட்டேல்லை.”

“எது, அந்த முஸ்லிம் ஆக்களின்ரையோ? உது பூட்டின வீடெல்லோ? நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்.”

பட்டியலை நீட்டினார். அந்த வீட்டுக்கு நேரே, குழாய் நிரலில், என் கையெழுத்தில் ‘பூட்டியது’ என்று இருந்தது. குழாயை இணைப்பதையும் பூட்டுவது என்றுதான் சொல்கிறோம். கதவைச் சாத்துவதையும் அப்படித்தான் சொல்கிறோம். வாயில் வந்தபடி எழுதிவிட்டேன். ‘பொருத்தியது’ என்று எழுதியிருக்கலாமே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு பட்டியலை மேலிருந்து வாசித்தேன். பதினெட்டு வீடுகள். பதினெட்டுக்கும் ‘பூட்டியது’. ஒரே பேனை, ஒரே சொல். பதினேழு துளைகளைச் சரியாக வெட்டியிருந்தார்கள்.

“என்ரை வீடும் பூட்டினதெண்டுதானே கிடக்கு அண்ணை. நான் எப்பிடி வெளியில வந்தனான்?”

“கூரையால இறங்கியிருப்பார்,” என்றான் ஒரு வேலையாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. “சரி, பிழைதான். அதுக்கேன் இப்பிடிக் கொதிக்கிறியள்? எத்தினை வருசமாப் பூட்டிக் கிடந்த வீடு. ஆரெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பினம். நாளைக்குக் காலமை குழியை மூடுறம், மெசின் சாவகச்சேரிக்குப் போகுது. அவையை ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கோ, பிறகு பாப்பம்.”

ஆரென்றாலும் அப்படித்தான் நினைப்பார்களாம். இரண்டு கிழமையாக அந்த மதிலின் நிழலில்தான் இந்த மனிதர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். கை கழுவ, பவுசர் வண்டியில் வந்தபோது பிடித்து வைத்த தண்ணீரைப் படலை திறந்து கொண்டுவந்து கொடுத்தவர் அந்த அக்கா. முற்றத்துக் கொடியில் உடுப்புக் காய்ந்ததையும் இந்த மனிதர் கண்டார். கண்டும், கடதாசியில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அந்த ஒரு வீட்டில் மட்டும் அவருக்கு ஆளில்லாமல் போனது. என் சொல் பிழையென்றால் பதினெட்டு வீடும் அல்லவா அடைபட்டிருக்க வேண்டும்?

நீர் வழங்கல் அலுவலகத்துக்கு நான்கு தடவை தொலைபேசி எடுத்தேன். அவர்களும் கடிதம் என்றார்கள். குழியை மூடிவிட்டால் ஒரு துளைக்காக அந்தக் கருவி திரும்பி வராது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பின்னேரம் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அக்கா என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“விடுங்கோ தம்பி. கடிதம்தானே? எங்களுக்கு அது எழுதிப் பழக்கம்,” என்றார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு, முகம்கூடக் கழுவாமல், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், மண் கொண்டுவரும் உழவு இயந்திரம் கிட்ட வர முடியாதபடி குழிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினேன். அதன் மேல் ஏறி இருந்தேன்.