ஒரே ஒரு ஆட்சேபணை

என் சிநேகிதி பேச எழுந்தால் எனக்கு வயிறு எரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். சாந்தோமில் அடுத்தடுத்த தெருவில் பிறந்தோம், ஒரே சர்ச்சில் பாட்டுக் குழுவில் நின்றோம், இப்போது இருவரும் மயிலாப்பூரில் வெவ்வேறு பள்ளிகளில் கம்ப்யூட்டர் டீச்சர். நான் எதையும் ஒழுங்காக எழுதுவேன். அவள் எதையும் அழகாகப் பேசுவாள். உலகம் யாரைக் கவனிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை அடையாறில் ஒரு நூலகத்தின் மாடியில் பதினோரு பேர் கூடுவோம். இணையதளங்களின் முகவரிகளுக்கு, அதாவது டொமைன் பெயர்களுக்கு, யார் விதி போடுவது என்பதுதான் பேச்சு. அரசாங்கமா, பெயர்களை விற்கிற கம்பெனிகளா, அல்லது பயன்படுத்துகிற எங்களுக்கும் அதில் இடம் உண்டா? உலக அளவில் விதி வகுக்கும் அமைப்பு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போதெல்லாம் எழுதி அனுப்புவோம். "உங்களை யாரு கேட்டா?" என்பார் என் கணவர். கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான் எங்கள் தலைவர். அவர் ஓட்டு எடுக்க மாட்டார். "இத ஒத்துக்கவே முடியாதுன்னு யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து விநாடிக்குள் யாரும் வாய் திறக்கவில்லையென்றால் அது முடிவு. ஒருவர் மறுத்தாலும் விஷயம் நின்றுவிடும், ஆனால் மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கூட்டங்களிலும் ஏறக்குறைய இதுதான் வழக்கம் என்பார்.

தி. நகரில் நான் பாத்திரம் வாங்கும் கடைக்காரர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "மேடம், கடை கீது, போர்டு கீது. போன்ல கடை பேர தட்னா ரம்மி ஆட்டம் வருது. சீர் பாத்திரம் பாக்க வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?" விஷயம் இதுதான். தளத்தை அமைத்துக் கொடுத்த ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார். பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே போயிருந்தன. கெடு முடிந்ததும் யாரோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கடைக்காரருக்காக நான் எழுதாத இடமில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்று பதில் வந்தது. அப்படியானால் விதியை மாற்ற வேண்டும், கெடு முடியும் முன் உரிமையாளரின் போனுக்கும் தகவல் போக வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன். எங்கள் குழுவில் ஒருவரான வக்கீல் எதிரே உட்கார்ந்து தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பஸ்ஸில் சிநேகிதி கேட்டாள்: "உன் பாத்திரக்கடை விஷயத்த நான் ஒருவாட்டி சொல்லட்டாடி?" தாராளமாகச் சொல் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? இரண்டே நிமிடம், கடைக்காரரின் குரலிலேயே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். வக்கீல் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் அதைக் கவிழ்த்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

போன வருடம் அந்தச் சர்வதேச அமைப்பின் மாநாட்டில் பேச எங்கள் குழுவிலிருந்து ஒருவரை அழைத்தார்கள். தலைவர் யோசிக்கவேயில்லை. சிநேகிதியின் பெயரைச் சொன்னார், "யாராவது ஒத்துக்கவே முடியாதுன்னு இருக்கீங்களா?" என்று கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது விநாடியோ எட்டாவதோ, என் கை மேலே போயிருந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். காரணம் வேண்டும். "சிலபேர் மட்டும் கூடி முடிவெடுக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் எழுதறோம், சார்," என்றேன். "நம்ம ஆள மட்டும் நீங்க வாட்ச பாத்து முடிவு பண்ணலாமா? விருப்பம் இருக்கறவங்க எழுதிக் குடுக்கட்டும். ஆளுக்கொரு சீட்டுல பேர் எழுதி ஓட்டு எடுப்போம்." சொல்லும்போது குரல் நடுங்கியது. நியாயத்துக்காக நடுங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். முதலில் கை தட்டியது சிநேகிதிதான்.

அடுத்த மாதம் இருவரும் எழுதிக் கொடுத்தோம். சீட்டுப் போட்டார்கள். எனக்கு ஒரு சீட்டு விழுந்தது. அதுவும் என் கையெழுத்தில் இருந்தது.

அவள் பேச்சை லேப்டாப்பில் நேரலையாகப் பார்த்தேன். அங்கே காலை, இங்கே மத்தியானம், சோறு ஆறிக்கொண்டிருந்தது. திக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல். அவள் திக்கவில்லை. பாத்திரக்கடையைச் சொன்னாள். பிறகு, "என்னை இங்கே அனுப்ப வேண்டாம் என்று எங்கள் குழுவில் ஒரே ஒருவர் கை தூக்கினார்" என்று ஆரம்பித்தாள். அந்த ஒருவரால்தான் பதினோரு பேரும் முதல்முறையாகச் சரியாக முடிவெடுத்தோம், பெரிய சபைகளுக்கும் அப்படி ஒரு கை வேண்டும் என்றாள். அந்த மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம், அதையும் அவள்தான் எடுத்துப் பேசுகிறாள். என் பெயர்கூட வரவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் மயிலாப்பூரில் எங்கள் வழக்கமான ஹோட்டலில் காபி குடிக்கக் கூப்பிட்டாள். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று சண்டை போடத்தான் போனேன். ஆனால் அவள் பயணத்தில் தூங்காத முகத்தோடு, எனக்கென்று வாங்கிய சாக்லேட் டப்பாவை மேசையில் வைத்ததும் வாயில் வேறு வந்தது.

"அன்னிக்கி நான் கை தூக்கினது நியாயத்துக்காக இல்லடி. வயித்தெரிச்சல்."

அவள் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்," என்றாள். "அதான் பேரச் சொல்லல. சொன்னா நியாயவாதின்னு ஜனங்க உனக்குக் கை தட்டுவாங்க, அப்புறம் நீ வீட்ல உக்காந்து சங்கடப்படுவ."

நான் கை தூக்கிய நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதம் என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் அன்றைக்கே, பஸ் ஏறும் முன்பே, கேட்டு மானத்தை வாங்கியிருப்பேன். அவளால் பேசாமலும் இருக்க முடிகிறது. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.