இறக்கைக்குப் பின்னால் இருந்தவர்

பக்கத்து அறையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ரப்பர் அண்ணன் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மனைவி தொடர் பார்க்கிறாள், இன்றைக்கு யாருக்கோ கல்யாணம் நின்றுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பிறகுதான் உறைத்தது. தொலைக்காட்சி பழுதாகி நாலு நாள் ஆகிறது.

"ஏங்க, கொஞ்சம் முன்னாடி வாங்களேன்."

மனைவியின் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. அவர் செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

அவர் வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு. வாரத்தில் ஆறு நாளும் அடையாள அட்டைக்கு முகம் எடுப்பார். "தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க, அவ்வளவுதான்" என்று நாற்பது நொடியில் ஆளை எழுப்பிவிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் வேறு மனிதர். அன்றைக்கு நகரத்தின் பெரிய அரங்கில் காஸ்ப்ளே என்கிற வேஷக்காரர்கள் கூட்டம் கூடும். படக்கதையிலும் விளையாட்டிலும் வருகிற வீரர்கள், ராணிகள், அரக்கர்கள் எல்லாரும் அங்கே உயிரோடு நடமாடுவார்கள். வங்கிக் கணக்காளர் கவசம் போட்டுக்கொண்டு வருவார். பல் மருத்துவரம்மா கொம்பு வைத்துக்கொண்டு வருவார். மாதக்கணக்கில் தாங்களே வெட்டி, ஒட்டி, தைத்த உடைகள்.

அவர்களைப் படமெடுப்பதில் ரப்பர் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எடுப்பதைவிட அழிப்பதில் கெட்டிக்காரர். பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். சுவரில் தொங்கும் தீயணைப்புக் குழாய், மூலையில் குப்பைக்கூடை, நடுவில் நடந்துபோன தடியன், உடையைத் தாங்கிப் பிடிக்கிற துணையாள் என்று எது நின்றாலும், படம் அவர் கையைவிட்டு வெளியே போகும்போது அது இருந்த சுவடே இருக்காது.

அரங்கத்துக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வேஷம் போட்டவரும் படம் எடுப்பவரும் ஒருவருக்கொருவர் காட்டவேண்டிய மரியாதையெல்லாம் அதில் எழுதியிருக்கும். கேட்காமல் படமெடுக்கக் கூடாது. கேட்காமல் உடம்பை ஒல்லியாக்கக் கூடாது, நிறத்தை வெளுக்கக் கூடாது. கொடுத்த படத்தின்மேல் வேஷக்காரர் தன் இஷ்டத்துக்குச் சாயம் பூசக் கூடாது. எடுத்தவர் பெயரை வெட்டிவிட்டு வெளியிடக் கூடாது. கடைசியாக, தடித்த எழுத்தில்: மெருகேற்றாத ஒரிஜினலைக் கேட்கவே கூடாது.

அந்தக் கடைசி வரியை எழுதியது ரப்பர் அண்ணன். "வேகாததை எந்தச் சமையல்காரனாவது இலையில வைப்பானா? வேலை முடிஞ்ச அன்னைக்கே ஒரிஜினலை அழிச்சிடுவேன். குப்புற விழுந்து கேட்டாலும் கிடைக்காது" என்று மேடை போடாத குறையாகச் சொல்லித் திரிவார். ஒரு தடவை வாள்வீரன் வேஷம் போட்ட பெண்ணொருத்தி அவர் கொடுத்த படத்துக்கு ரோஸ் நிறம் ஏற்றி வெளியிட்டுவிட்டாள். அவர் திட்டிய திட்டில் அவள் வாளைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

ஆனால் அவர் எதையும் அழித்தது கிடையாது. மேசைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் மூன்று ஹார்ட் டிஸ்க். பத்து வருஷத்து ஒரிஜினல் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஓய்வு கிடைத்தால் பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "எப்படித் துடைச்சிருக்கேன் பாரு" என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி.

முன்னறைக்கு வந்தார். படமெடுக்கிற ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரிந்த மாதிரி இருந்தது, யாரென்று பிடிபடவில்லை. தோள் இரண்டும் சும்மா, குறுகலாக, வெறுமையாக இருந்தன. அந்தத் தோள்களுக்குப் பின்னால் இருபுறமும் விரிந்த அறுநூற்றுப் பன்னிரண்டு இறகுகளை மனசுக்குள் ஒட்டிப் பார்த்த பிறகுதான் ஆள் புரிந்தது.

றெக்கை அக்கா! ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புத் தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பருந்து ராணி.

"என்னம்மா, றெக்கை எங்கே? பறந்து வந்த களைப்பா?" என்று கேட்டபடியே வந்தவரை மனைவி கண்ணால் அடக்கினாள்.

"அண்ணே," என்றாள் அவள். "கேட்கக் கூடாத ஒண்ணைக் கேட்க வந்திருக்கேன். கோவிச்சுக்காதீங்க. அவரு போயிட்டாருண்ணே."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

ரப்பர் அண்ணனால் நம்ப முடியவில்லை. ஸ்குரூ மாமாவா! சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவரோடு அரங்கம் முழுக்கச் சுற்றி வருவாரே, யாருடைய கொம்பு கழன்றாலும் வாள் முறிந்தாலும் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பாரே, அவரா? லிஃப்ட் மெக்கானிக். அந்த இறக்கையின் எலும்புக்கூட்டை உடைந்த குடைக்கம்பிகளால் கட்டியவரே அவர்தான்.

"ஒன்றரை மாசம் ஆச்சு. அரங்கத்துல யாருக்கும் சொல்லி அனுப்பல. வேலை முடிஞ்சு வந்தாரு. சட்டைப் பொத்தானைக் கழட்டிக்கிட்டே உட்கார்ந்தாரு. மூணாவது பொத்தான் வரைக்கும்தாண்ணே..." அவள் முந்தானையைப் பிசைந்தாள். "வீடு பூரா தேடிட்டேன். ஆபீஸ் கார்டுல ஒரு போட்டோ இருக்கு, அதுவும் பதினஞ்சு வருஷத்துக்கு முந்தினது. கல்யாண ஆல்பம் அந்த வெள்ளத்துலயே போயிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்ல. எப்பவும் எனக்குப் பின்னாடியே குனிஞ்சு நின்னுட்டாரு. அந்த மனுஷன் நிமிர்ந்ததே இல்லண்ணே."

மனைவி வாயில் புறங்கையை வைத்துக்கொண்டாள்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி நீங்க ஒண்ணு எடுத்தீங்க. அன்னைக்கு இடது றெக்கை ஸ்பிரிங் உடைஞ்சுபோச்சு. அவருதான் ரெண்டு மணி நேரம் கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. படத்துல அவரை அழிச்சுட்டீங்க. றெக்கை தானா நிக்கிற மாதிரி இருந்துச்சு. அவருக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? 'என்னைக் காணோம் பாரு, ரப்பர் கைன்னா கைதான்'னு ஊரெல்லாம் காட்டினாரு. அப்ப நானும் சிரிச்சேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதோட ஒரிஜினல்... ரூல் தெரியும். ஆனா மனசு கேட்கல."

ரப்பர் அண்ணனின் நாக்கு, பத்து வருஷம் சொல்லிப் பழகியதையே தானாகச் சொல்லிவிட்டது.

"அன்னைக்கே அழிச்சுட்டேனேம்மா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அதுதான் கொடுமை. "தெரியும்ணே. நீங்க சொன்னா சொன்னதுதான். சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்று எழுந்தாள். அப்பழுக்கில்லாத அந்த நம்பிக்கை அவர் மேல் கொதிநீராக விழுந்தது.

"உட்காரும்மா, தண்ணியாவது குடிச்சுட்டுப் போ" என்று அவளை அமுக்கி உட்காரவைத்த மனைவி, உள்ளே போகிற போக்கில் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"பெட்டியைத் திறங்க."

"மெதுவாப் பேசு. இத்தனை வருஷம் அழிச்சுட்டேன் அழிச்சுட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். மானம் போயிடும்டி."

"போகட்டும். அது போனா நாலு நாள்ல திரும்பி வந்துடும். அவ புருஷன் வருவானா?"

அவர் சாவியை எடுத்தார். தகரப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். பூட்டைத் திறந்தார். பிறகு எழுந்து, திறந்த பெட்டியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

"நான் பொய் சொல்லிட்டேம்மா. இப்ப மட்டும் இல்ல, பத்து வருஷமா. எதையும் அழிக்கல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அந்தப் பெண் ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"இருக்காரா?"

மூன்று பேரும் உள்ளே போய்க் கணினி முன்னால் நின்றார்கள். ரப்பர் அண்ணன் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, கோப்பைத் திறந்தார்.

முதலில் இறக்கை வந்தது. பழுப்பும் பொன்னுமாகத் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. நடுவில் பருந்து ராணி, எங்கோ தொலைவைப் பார்த்தபடி, கம்பீரமாக. ரப்பர் அண்ணன் படத்தை மெல்ல இடது பக்கம் நகர்த்தினார்.

இறக்கைக்குக் கீழே நீலச் சட்டையில் ஒரு மனிதர் மண்டியிட்டிருந்தார். வாயில் ஸ்குரூ டிரைவரைக் கவ்வியிருந்தார். இரண்டு கையும் இறக்கையின் அடிக்கம்பியைத் தாங்கியிருந்தன, நரம்பு புடைக்க. ஆனால் கண்கள் கம்பியின் மேல் இல்லை. உடைந்த ஸ்பிரிங்கின் மேல் இல்லை. அந்தக் கண்கள் நிமிர்ந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அது என்ன பார்வை! வானத்தில் முதன்முதலாக நிலாவைக் கண்டுபிடித்தவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். வாய் நிறையக் கருவியைக் கவ்வியபடியே ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் தான் தாங்கிய இறக்கையின் நிழல் அவர் நெற்றியில் விழுந்திருந்தது. 

ரப்பர் அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இந்த மனிதரை அழிக்க அவருக்கு அன்று மூன்று மணி நேரம் பிடித்தது. முழங்காலுக்கு ஒரு மணி நேரம். இறகுகளுக்குள் நுழைந்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். முகத்துக்கு மட்டும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பின்னால் வெறும் சாம்பல் நிறச் சுவர் இருந்ததால் ஒரே இழுப்பில் போய்விட்டது. எத்தனை தடவை முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டு ரசித்திருக்கிறார்! ஒரு தடவைகூட அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. பெட்டிக்குள், இருட்டில், நாலு மாதமாக இந்தக் கண்கள் இவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

"இப்படிப் பார்ப்பாரா?" என்றாள் அவள், யாரிடமோ கேட்பதுபோல. "எனக்குத் தெரியாதேண்ணே. நான் எப்பவும் முன்னாடியில்ல பார்த்துக்கிட்டு நிப்பேன்? 'எப்படிங்க இருக்கேன்'னு கேட்டா, 'ஆடாத, ஸ்குரூ லூசா இருக்கு'ம்பாரு. பதினெட்டு வருஷமா அதையேதான் சொன்னாரு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன அவளுக்கு. மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரப்பர் அண்ணன் திரும்பிக்கொண்டு, இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

படத்தைப் பெரிதாக அச்செடுக்க வேண்டும். அளவைச் சரிசெய்தார். சற்றே இருட்டாக இருந்தது. கை வழக்கம்போல வெளிச்சத்தைக் கூட்டப் போனது, பாதியில் நின்றது. ஸ்குரூ மாமாவின் கன்னத்தில் விரலளவுக்குக் கறுப்பு மசி ஈஷியிருந்தது. அம்புக்குறி தானாகவே அதை நோக்கிப் போயிருந்தது. சுண்டு விரலால் தட்டினால் போதும், போய்விடும். அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு அவரை அழிக்கும்போது உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. ஊருக்கெல்லாம் ரூல் பேசறவனே நான்தான். இப்பக் கேட்கிறேம்மா. கொஞ்சம் வெளிச்சம் ஏத்தட்டுமா?"

"ஏத்துங்கண்ணே. கண்ணு தெரியட்டும்."

"கன்னத்துல இந்த மசி?"

அவள் திரைக்கு அருகே குனிந்தாள். அதைத் தொடப்போகிறவள்போல விரலை நீட்டி, தொடாமல் நிறுத்தினாள்.

"அது இருக்கட்டும்ணே. அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அதை நான்தான் துடைச்சுவிட்டேன்."

அச்சு இயந்திரம் முனகிக்கொண்டு படத்தை அங்குலம் அங்குலமாக வெளியே தள்ளியது. முதலில் இறக்கை, பிறகு ராணியின் முகம், கடைசியில் அவர். மை உலரும்வரை மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள். ரப்பர் அண்ணன் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் படம் அச்செடுத்திருக்கிறார். ஒரு படத்தின் முன்னால் செருப்பில்லாத காலோடு நிற்கிறோமே என்று நிம்மதிப்பட்டது அன்றைக்குத்தான்.

"உங்க பேரு போடலியே?" என்றாள் அவள். வலது கீழ் மூலையில் வழக்கமாக அவர் பெயர் இருக்கும்.

"வேண்டாம்மா. இதுல நான் செஞ்சது ஒண்ணுமில்ல."

"அதெப்படி? எடுத்தவர் பேர் இல்லாம மாட்டினா மரியாதை இல்ல. அவரு இருந்தா என்னைத் திட்டுவாரு."

அவர் படத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில், ஓரமாக, பென்சிலால் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, அதற்கு மேலே ஸ்குரூ மாமாவின் உண்மைப் பெயரைக் கேட்டுப் பெரிதாக எழுதினார். இத்தனை காலம் பழகியும் அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அரங்கத்துல எல்லாருக்கும் காட்டலாமாண்ணே? காட்டினா, நீங்க ஒரிஜினல் வெச்சிருக்கிறது தெரிஞ்சுடுமே."

"காட்டும்மா. வர்ற ஞாயித்துக்கிழமை அந்தக் கடைசி வரியை நானே கிழிச்சுடறேன். யார் யாரை அழிச்சேனோ, அவங்க எல்லாரும் பெட்டியிலதான் இருக்காங்க. வந்து வாங்கிக்கட்டும்."

"எல்லாரும் திட்டுவாங்களே?"

"திட்டட்டும். அந்த வாள்காரப் பொண்ணு முதல் ஆளா வருவா" என்றாள் மனைவி. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது.

படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, நூல் சுற்றிக் கொடுத்தார்கள். அவள் அதைக் குழந்தையை அணைப்பதுபோல மார்போடு சேர்த்துக்கொண்டாள். வருகிறேன் அண்ணே, வருகிறேன் அண்ணி என்று வாசலுக்கு நடந்தாள். மனைவி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

நிலைப்படிக்கு வந்ததும் அவள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினாள். முதலில் ஒரு தோளை வெளியே விட்டாள், பிறகு மறு தோளை. முதுகில் இறக்கை இல்லை. ஆனால் இத்தனை வருஷமாக ஒவ்வொரு கதவையும் அவள் அப்படித்தான் கடந்திருக்கிறாள். வெளியே போனவள், பின்னால் ஒருவர் குனிந்து, கம்பி இடிக்காமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவதற்கு இடம்விட்டு, ஒரு கணம் அசையாமல் நின்றாள்.

ரப்பர் அண்ணனின் மனைவியும் கதவை மூடாமல் காத்திருந்தாள். அந்த இன்னொருவரும் கடந்து போகட்டும் என்று விட்டு, அப்புறம்தான் சத்தமில்லாமல் சாத்தினாள்.