பிறந்த வீட்டுக் கோடி வரும்வரை

எங்கள் அம்மா அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தார். அம்மாவின் அண்ணன், அதாவது எங்கள் மாமா, தம் படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறங்கித் தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்தத் தங்கைதான் பிற்காலத்தில் கீரனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் முதல்வரானார். அம்மாவின் பொறுமை, சிக்கனம் பற்றியெல்லாம் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிடிவாதத்தைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை.

கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மாமா மகனும் வந்திருந்தான். அவன் சொந்தம் என்பதை அம்மாவே தேர்வுக் குழுவில் சொல்லிவிட்டார். "மேடம், நீங்க வெளிய இருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள் உடனிருந்த பேராசிரியர்கள். அதுதான் முறையும்கூட. ஆனால் அவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். "நான் வெளிய போனா எம்மொகத்துக்காக அவனுக்கே போட்ருவீங்க. நான் இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மாமா மகன் கெட்டிக்காரன்தான். அன்று செய்முறைத் தேர்வில், பதற்றத்தில் ப்யூரெட் என்ற அளவுக் குழாயை அலசாமல் அமிலத்தை ஊற்றிவிட்டான். கறம்பக்குடியிலிருந்து வந்த ஒரு பெண் பிசிறில்லாமல் செய்தாள். வேலை அவளுக்குப் போனது. "நீங்க வெளியவே இருந்திருக்கணும்" என்று நான் சண்டை போட்டேன். இன்றும் என் எண்ணம் அதுதான். "வெளிய போயி அவனுக்குக் கெடச்சிருந்தா, அது நான் குடுத்ததுதான்டி" என்றார் அம்மா.

மறுநாள் மாமா வாசலோடு நின்றுகொண்டார்.

"நான் படிப்ப விட்டுத்தானே ஒன்னையப் படிக்க வச்சேன்? எம்மகனுக்கு ஒரு வேல போட ஒனக்கு மனசு வரலையா?"

"அந்தப் புள்ள நல்லாச் செஞ்சுச்சுண்ணே."

"அப்ப அந்தப் புள்ளையவே சொந்தமா வச்சுக்க. இனி நல்லது கெட்டது எதுக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சொன்னபடியே என் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் எடுத்துக் கொடுக்க வேண்டிய மாலையை ஒன்றுவிட்ட மாமா ஒருவர் கொடுத்தார். மேடையில் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, அண்ணன் தங்கை இருவர் மேலும். அதன்பின் அம்மா எத்தனையோ முறை அறந்தாங்கிக்குப் போனார். மாமா முகம் கொடுக்கவில்லை.

நோயில் படுத்த கடைசி மாதங்களிலும் அந்தத் தேர்வைப் பற்றி அம்மா வருந்தவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "நான் போயிட்டா அண்ணன் கோடி கொண்டாருவாராடி?" பிறந்த வீட்டுக் கோடிச் சேலை விழாமல் பெண்ணின் உடலை எடுப்பதில்லை, எங்கள் பக்கம். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

அந்த நாளும் வந்தது. மாமாவுக்குத் தகவல் சொல்லியாயிற்று, பதில் இல்லை. பொழுது சாயத் தொடங்கியதும் பங்காளிகள் பொறுமை இழந்தார்கள். "கடையில ஒரு சேலை எடுத்து, வேற யாராச்சும் போட்டுறலாம்ப்பா" என்றார் ஒருவர். நான் முடியவே முடியாது என்றேன். பேச்சு தடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா இறங்கினார். கையில் கோடி. யாரையும் பார்க்காமல் நேரே போய் அம்மாவின் மேல் போர்த்தினார்.

"கோவம் தீந்துச்சா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள்.

"தீரல. அதுக்காக எந்தங்கச்சிய அநாதையாவா அனுப்புவேன்?" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அம்மாவை அக்கறையாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், துணை நின்ற கல்லூரி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்குத் தனியாக நன்றி. அம்மா செய்தது சரியா தவறா என்று அவர் பார்க்கவில்லை, தங்கை என்று மட்டும் பார்த்தார். அம்மா யாருக்கும் காட்ட மறுத்த சலுகை அது. அது கிடைத்ததால்தான் அம்மாவை எங்களால் அனுப்பிவைக்க முடிந்தது.